ஆந்தைப் பெட்டி வந்த வழி

கெடா மாநிலத்தில், பீடோங் தாண்டி உள்ளே போகிற செம்மண் சாலையில் ஒரு தோட்டம் இருக்கிறது. பால்மரக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்க இடம் போதாத அளவுக்கு ஆள் இருந்த இடம். இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. நடுவே வெளிநாட்டு ஆட்கள் தங்கும் ஒரு கொட்டகையும், திருவிழாவுக்கு மட்டும் நடை திறக்கிற மாரியம்மன் கோயிலும் மிச்சம். கோயிலைக் கடந்து இரண்டாவது வளைவில், செம்பனை வரிசைக்கு நடுவே, இரும்புக் குழாயின் உச்சியில் பதினைந்தடி உயரத்தில் ஒரு மரப்பெட்டி நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் புறாக்கூடு என்பார்கள். புறாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாசல்? முன்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குச் சதுர ஓட்டை, அதன் கீழே திண்ணைபோல நீட்டிய ஒரு பலகை. குழாயின் இடுப்பில் தகரம் சுற்றியிருக்கும், உடும்பும் பாம்பும் ஏறினால் வழுக்கி விழ. பெட்டிக்கு நேர்கீழே புல்லின்மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளை வெள்ளையாகக் கிடந்தால், வீட்டில் ஆள் இருக்கிறது என்று பொருள்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் இதற்கு ஆந்தைப் பெட்டி என்று பேர். இதைச் செய்த பெரியவர் அதே தோட்டத்தில் முப்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். இப்போது சுங்கை பட்டாணியில் மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பெட்டியைப் பற்றிக் கேட்டதும் முதலில் அவருக்கு நினைவு வந்தது பழைய கோபம்தான்.

“சின்ன துரை ஒரு தாளக் கொண்டாந்து நீட்டுனாரு தம்பி. ஆந்தைக்கு வீடு கட்டணுமாம். எங்க லயத்துல குசினி ஒழுகுது, தகரம் கேட்டு மூணு மாசம் ஆச்சு. ஆந்தைக்கு மறுநாளே பலகை வந்துருச்சு.”

அந்தத் தாளில் நீளம், அகலம், ஓட்டையின் அளவு, கம்பத்தின் உயரம், எத்தனை ஏக்கருக்கு ஒன்று என்று எல்லாம் குறித்திருந்ததாம். துரை சொந்தமாக யோசித்து எழுதிய கணக்கு இல்லை அது. அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், நான் கொஞ்சம் தூரமே போய்விட்டேன்.

ஆந்தை என்று பொதுவாகச் சொன்னாலும் இந்தப் பறவைக்குத் தமிழில் தனிப் பேர் உண்டு. கூகை. இதய வடிவில் வெள்ளை முகம், கறுத்த கண், முதுகில் பொன்னும் சாம்பலும் கலந்த இறகு. கூகைக்கோழியார் என்று புறநானூற்றில் ஒரு புலவரே இருக்கிறார். வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தைத் தொடங்குவதே பகலில் காக்கையிடம் தோற்கும் கூகையை வைத்துத்தான். காக்கைக் கூட்டம் பட்டப்பகலில் கூகையைச் சூழ்ந்து விரட்டுவதை நின்று பார்த்த கண்ணுக்குத்தான் அந்த உவமை கிடைக்கும். பறவையின் நடத்தையைக் கவனிப்பது நமக்குப் புதிதில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் கவனித்ததற்குப் பிறகு நாம் செய்தது பயப்படுவது மட்டும். லயத்துக் கூரையில் இது உட்கார்ந்து கத்தினால் அந்த வாரம் ஒரு பிணம் விழும் என்பார்கள்; பாட்டி அடுப்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போடுவாள். மலாய்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் மொழியில் ஆந்தைக்குப் பேரே ‘பூரோங் ஹந்து’, பேய்ப் பறவை. இந்தக் கூகைக்கு இன்னும் ஒரு படி மேலே போய் ‘ஜம்புக் குபூர்’ என்றார்கள். குபூர் என்றால் புதைகுழி.

பெட்டியின் கதை இருட்டறை ஒன்றில் தொடங்குகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரோஜர் பெய்ன் என்ற இளைஞர் ஒரு அறையை ஒரு பொட்டு வெளிச்சமில்லாமல் அடைத்து, தரையில் காய்ந்த இலைகளைப் பரப்பி, ஒரு கூகையை உள்ளே விட்டார். பிறகு ஓர் எலி. கும்மிருட்டில் கூகை எலியைப் பிடித்தது. சூட்டை உணர்கிறதோ, வாசனை பிடிக்கிறதோ என்ற சந்தேகம் தீர, எலி அளவுக்குக் காகிதத்தைச் சுருட்டி நூலில் கட்டி இலைகளுக்குள் இழுத்தார். கூகை காகிதத்தின்மேல் பாய்ந்தது. காகிதத்துக்கு உடல் சூடும் இல்லை, எலி நாற்றமும் இல்லை. சருகின் சலசலப்பு ஒன்றே போதும் அதற்கு. (இதே பெய்ன்தான் பின்னாளில் திமிங்கிலங்கள் பாடுவதை உலகத்துக்குக் கேட்கவைத்தவர். காது விஷயத்தில் ராசிக்காரர்.) அடுத்த தலைமுறையில் கலிபோர்னியாவில் மசாகாசு கொனிஷியும் எரிக் நுட்சனும் கூகையின் மூளையைத் துருவினார்கள். கூகையின் ஒரு காது சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் அமைந்திருக்கிறது. அதனால் சத்தம் இடமா வலமா என்பதோடு, மேலா கீழா என்பதும் அதற்குத் தெரிகிறது. வெளியுலகின் சத்தங்களுக்கு மூளைக்குள்ளேயே ஒரு வரைபடம் இருப்பதை 1978இல் இருவரும் காட்டினார்கள். அந்த இதய வடிவ முகம் அழகுக்கு வந்ததில்லை. சத்தத்தை வாரிக் காதில் போடுகிற முறம்.

செம்பனைக் காட்டுக்குள் ராத்திரி நின்று பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று புரியும். மேலே மட்டைகள் கூடாரம் போட்டதுபோல மூடியிருக்கும். நிலவு வெளிச்சம்கூடக் காசுகாசாகத்தான் விழும். வெட்டிய மட்டைகளை ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் அடுக்கிப்போட்டிருப்பார்கள். அந்த மட்டைக் குவியல்தான் எலியின் லயம். பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்து, இருட்டியதும் மரத்தில் ஏறிக் குலையில் பழுக்கிற பழத்தைக் கொறிக்கும். காய்ந்த மட்டைமேல் அது ஓடினால் ‘சரக் சரக்’ என்று கேட்கும். பெய்ன் அறையில் பரப்பிய சருகை இங்கே தோட்டமே பரப்பிவைத்திருக்கிறது.

செம்பனை மலாயாவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். வியாபாரத்துக்காக முதலில் நட்டது 1917இல், சிலாங்கூரில், ஹென்றி ஃபாக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பேர் தென்னமரம், நட்டது செம்பனை. நம் ஆட்கள் வைத்த பேர் என்பது சொல்லாமலே தெரியும். ரப்பர் விலை சரியச் சரிய, தெற்குக் கெடாவில் பாடாங் செராய், கூலிம், பீடோங் பக்கத்துத் தோட்டங்களும் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனைக்கு மாறின. மரம் மாறியதும் எலிக்குத் திருவிழா. பால்மரத்தில் எலிக்குத் தின்ன என்ன இருக்கிறது? செம்பனையிலோ வருடம் முழுக்கக் குலை. 1981இல் மகரந்தச் சேர்க்கைக்காகக் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆண்பூவுக்குள் வளரும் அதன் புழுவும் எலிக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைத்தது. கவனிக்காமல் விட்டால் எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை எலி வயிற்றுக்குள் போகும் என்பது தோட்ட ஆராய்ச்சியாளர்களின் கணக்கு.

கூகையோ மலாயாவில் அப்போது அபூர்வம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தீபகற்பத்தில் அதைப் பார்த்ததாக விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பதிவுகள். 1960களின் கடைசியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூடு வைத்தது தெரியவந்தது. எலி பெருத்த இடத்தைத் தேடி அது தானாக வந்திருக்கிறது, யாரும் அழைக்கவில்லை. ஆனால் வந்த இடத்தில் வீடில்லை. கூகை கூடு கட்டத் தெரியாத பறவை. ஒரு குச்சியைக்கூட எடுத்து வைக்காது. பெரிய மரப்பொந்து, பாறை இடுக்கு, பாழடைந்த கட்டடம் என்று எங்காவது இருட்டான குழி கிடைத்தால் அப்படியே முட்டையிடும். செம்பனையில் பொந்து விழாது. காட்டு மரங்களையோ தோட்டம் போடும்போதே வெட்டியாயிற்று. அதனால் பங்களாவின் கூரைத்தட்டு, ஆலையின் மேற்கூரை, ஸ்டோர் கட்டடம் என்று மனிதர் கட்டிய இடங்களில் புகுந்துகொண்டது. லயத்துப் பாட்டிகள் உப்புப் போட்டது அந்த நாட்களில்தான்.

சாப்பாடு மலைபோல், வீடு மட்டும் இல்லை. பெட்டி என்ற யோசனை இந்தப் புள்ளியில் பிறந்தது. 1976இல் ஜே. இ. டக்கெட், தோட்டத்துறையினர் படிக்கும் ‘தி பிளான்டர்’ இதழில், செம்பனைத் தோட்டத்து எலிக்குக் கூகைதான் பெரிய எமன் என்று எழுதினார். கிரஹம் லென்டன் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூகையையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து, அது எதைத் தின்கிறது, எப்போது முட்டையிடுகிறது, எத்தனை குஞ்சு தேறுகிறது என்று வருடக்கணக்கில் பார்த்தார். 1980களின் பிற்பகுதியில் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகத்துக்காக ஸ்மால் என்பவர் தொடர்ந்தார். 1989இல் அதே கழகத்தின் அனைத்துலக மாநாட்டில் தோட்ட நிர்வாகிகளுக்கென்று ஒரு வழிகாட்டிக் கட்டுரை வாசிக்கப்பட்டது. எழுதியவர்கள் இருவர்: டக்கெட், எஸ். கருப்பையா. அந்த இரண்டாவது பேரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி படித்தேன். கூகைக்கு உப்புப் போட்ட சமூகத்திலிருந்து ஒருவர், அதற்கு எப்படி வீடு கட்டுவது என்று துரைமார்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார். பெரியவரிடம் சின்ன துரை நீட்டிய தாள் இந்த வகைத் தாள்களின் நகலின் நகலாகத்தான் இருக்க வேண்டும்.

அதில் இருந்த ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பெட்டி ஏன் அவ்வளவு ஆழம்? முட்டைகள் ஒரே நாளில் இடப்படுவதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக ஐந்தாறு முட்டை இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது கடைசிக் குட்டி கண் திறக்காமல் கிடக்கும். படிக்கட்டுபோல நிற்கிற அத்தனை பேரும் ஏறக்குறைய இரண்டு மாதம் அந்தப் பெட்டிக்குள்ளேயே வளர வேண்டும். வாசலில் திண்ணை எதற்கு? பறக்கத் தெரியாத குஞ்சு முதலில் நடந்து வெளியே வந்து சிறகடித்துப் பழகும். பெட்டிகளை ஏன் இத்தனை நெருக்கமாக, ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்று வைக்க முடிகிறது? என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். பெரும்பாலான வேட்டைப் பறவைகள் பக்கத்தில் இன்னொன்றை அண்டவிடாது. கூகை தன் வீட்டு வாசலை மட்டும்தான் காக்கும். வேட்டைக் காட்டுக்கு வேலி போடாது. இரை இருக்கிறவரை அடுத்த வீட்டுக்காரனோடு அதே பாதையில் வேட்டையாடும். லயத்துக்காரர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த மாதிரி. பருந்துக்குப் பெட்டி வைத்து எலி பிடிக்கலாம் என்று யாராவது நினைத்திருந்தால் இந்த ஒரு குணத்தில் திட்டம் கவிழ்ந்திருக்கும்.

தாளில் இல்லாததைப் பெரியவர் சேர்த்தார். முதலில் செய்த பெட்டிகளில் மழைத்தண்ணீர் தேங்கியது. அடிப்பலகையில் நாலு மூலையிலும் துளை போட்டார். ஒன்றில் மைனா புகுந்தது, இன்னொன்றில் தேனீ. ஒரு பெட்டியில் மட்டும் பறவை வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. சாயங்கால வெயில் ஓட்டை வழியாக நேராக உள்ளே அடிப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். ஏணி போட்டு ஏறிப் பெட்டியைத் திருப்பி வைத்தார். இரண்டு மாதத்தில் கீழே சுண்ணாம்பு.

“அதுக்கு இருட்டு வேணும் தம்பி. நமக்குத்தான் வெளிச்சம் வந்தா வீடு.”

ஒருநாள் தோட்டத்து ஆட்கள் எனக்கு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இருந்து ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், குக்கர் ஆவி விடுவதுபோல. நாலு குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக, கிழங்கு மூட்டையைக் கவிழ்த்ததுபோல. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி எங்களை அளந்தன. ஓரத்தில் இரண்டு முழு எலி, வால் ஒரே பக்கம் பார்த்து, மிச்சச் சாப்பாடாக. தரை முழுக்கக் கறுப்பாக மெத்து மெத்தென்று ஏதோ அமுங்கியது. அதுதான் அவர்கள் விரிப்பு: உமிழ்ந்த உருண்டைகள் நொறுங்கிச் சேர்ந்த படுகை. கூகை எலியை முழுதாக விழுங்கும். சதையைச் செரித்துவிட்டு, எலும்பையும் ரோமத்தையும் உருட்டிக் கட்டைவிரல் அளவில் வாய்வழியாக வெளியே தள்ளும். புதிதாக விழுந்தது அரக்குப் பூசியதுபோல மினுங்கும். ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பல்குத்தும் குச்சியால் பிரித்தேன். முதலில் சாம்பல் ரோமம், பிறகு ஊசிபோல விலா எலும்புகள், ஆரஞ்சு நிற முன்பற்களோடு ஒரு மண்டையோடு. இன்னும் கிளறினால் இன்னொரு மண்டையோடு. லென்டன் இப்படி ஆயிரக்கணக்கில் பிரித்திருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் கூகையின் சாப்பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எலிதான் என்று அவர் எழுதியது அந்த மண்டையோடுகளை எண்ணித்தான். ஒரு குடும்பம் வருடத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தீர்க்கும் என்று தோட்டத்து உலகில் ஒரு கணக்கு உலவுகிறது. தன் பசிக்குத் தின்னும் பறவை செலவில்லாமல் செய்கிற வேலை என்று நிர்வாகிகளுக்கு அது இனித்ததில் வியப்பில்லை.

கதை இப்படியே நல்லபடியாகப் போயிருக்கலாம். எலி மருந்து குறுக்கே வந்தது.

தோட்டத்தில் எலி மருந்து என்றால் மெழுகில் பிசைந்த கட்டி. மரத்துக்கு ஒன்று வீதம் அடியில் வைப்பார்கள். நாலைந்து நாள் கழித்து வந்து, தின்றுபோன இடத்தில் மறுபடி வைப்பார்கள். நூற்றில் இருபதுக்குக் குறைவாகத் தின்னும்வரை இது தொடரும். பழைய மருந்து வார்ஃபரின். ரத்தம் உறையவிடாமல் செய்து கொல்லும். எலி பல நாள் தின்றால்தான் சாகும். அதன் உடம்பில் மருந்து அதிகம் தங்காது. அதனால் அந்த எலியைத் தின்ற கூகை பெரும்பாலும் தப்பித்தது. காலப்போக்கில் எலிகளுக்கு வார்ஃபரின் பழகிப்போனது. அதற்கடுத்து ப்ரோடிஃபக்கூம் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. ஒரு கட்டியே போதும். ஆனால் தின்ற எலி உடனே விழாது. சில நாள் தள்ளாடித் திரியும், பயமில்லாமல் திறந்த வெளியில் நிற்கும். காதால் வேட்டையாடும் பறவைக்கு இதைவிடச் சுலபமான இரை கிடைக்குமா? மருந்து எலியின் ஈரலிலிருந்து கூகையின் ஈரலுக்குக் குடிபெயர்ந்து மாதக்கணக்கில் அங்கேயே தங்கும். 1984இல் டக்கெட் மறுபடி எழுதினார். மருந்தை மாற்றிய பிறகு, இருபது இணைகள் இருந்த இடத்தில் முப்பது மாதத்துக்குள் இரண்டே இரண்டு பறவைகள்.

பெட்டிகள் அப்படியே நின்றன. நிர்வாகக் கணக்கில் ஒரு கையால் ஆந்தைக்கு வீடு, இன்னொரு கையால் ஆந்தைக்கு விஷம். இரண்டுக்கும் ஒரே ஆபீசில்தான் கையெழுத்து. பிற்காலத்தில் ஹஸ்பெர் சலீமும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைச் சொன்னது: கொஞ்சம் வீரியம் குறைந்த மருந்துகள் வைத்த இடங்களிலும், சாகாமல் தப்பிய கூகைகள் முன்போல முட்டையிடுவதில்லை, குஞ்சு தேறுவதும் குறைகிறது. பெட்டியில் பறவை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஷாகினா ரவீந்திரன் போன்றவர்கள் இன்று செய்வது இந்த வேலையைத்தான். பெட்டியை எண்ணுவதோடு நிற்காமல் உள்ளே நடப்பதை எண்ணுகிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரையன் வுட்டும் சுங் கைட் ஃபீயும் 2003இல் மலேசியாவின் எலிக் கட்டுப்பாட்டை மொத்தமாகத் திரும்பிப் பார்த்து எழுதியபோது கூகைக்கு மாலை போடவில்லை. பறவை பெருகியது உண்மை, அது எலி தின்பதும் உண்மை. ஆனால் கூகை மட்டுமே எலியைச் சேதமில்லாத அளவுக்கு அடக்கிவைக்கிறது என்பதற்குத் திடமான ஒப்பீட்டுச் சோதனை எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எலி குட்டி போடும் வேகத்தை யோசித்தால், உமிழ்ந்த மண்டையோட்டை எண்ணிக் காட்டுவது மிச்சம் எத்தனை என்ற கேள்விக்கு விடை ஆகாது. என் கருத்து இதுதான்: கூகை எலியை ஒழிக்கும் என்று விற்றவர்கள் அதற்கு நன்மை செய்யவில்லை. வாக்கு பொய்த்ததும் மருந்து மூட்டைக்குத் திரும்புவது சுலபமாகிவிட்டது. மருந்தின் அளவைக் குறைக்க உதவும் கூட்டாளி என்று சொல்லியிருந்தால் பறவையும் பிழைத்திருக்கும், பேச்சும் பிழைத்திருக்கும்.

தோட்டத்தை விட்டு வடக்கே போனால் பெட்டி வேறு உடுப்புப் போட்டுக்கொள்கிறது. குரூண் தாண்டியதும் மேடு இறங்கி வயல் விரியும். அலோர் ஸ்டாரைச் சுற்றிப் பெர்லிஸ் வரை ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர். பெடு, மூடா அணைகள் கட்டி, 1970இல் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியம் அமைந்து, ஒருபோகம் இருபோகமானது. மனிதனுக்கு இருபோகம் என்றால் எலிக்கும் இருபோகம். முன்பு வறண்ட மாதங்களில் பட்டினி கிடந்து குறைந்த வயலெலி, வரப்பில் வளை தோண்டி வருடத்துக்கு இரண்டு முறை குடும்பம் பெருக்கியது. கூகைக்குத் தோட்டத்தைவிட இங்கே வீட்டுப் பஞ்சம் அதிகம். தோட்டத்திலாவது பங்களா, ஆலை இருந்தது. இங்கே வானமும் வரப்பும்தான். பெட்டியும் கம்பமும் இல்லாவிட்டால் நடுவயலில் உட்காரக்கூட இடமில்லை. வயல்பக்கப் பெட்டி பல இடங்களில் பிளாஸ்டிக்கில் வார்த்தது. வெயிலுக்கும் மழைக்கும் நிற்கும், தச்சன் தேவையில்லை. இங்கே கூகைக்கு வேறு பேர்: ‘புங்குக் ஜெலாப்பாங்’. ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். கெடாவையே மலேசியாவின் ஜெலாப்பாங் என்றுதான் சொல்வார்கள். புதைகுழிப் பறவை களஞ்சியப் பறவையாகிவிட்டது. விவசாயத் துறையின் துண்டறிக்கைகளில் ஜம்புக் குபூர் என்று போட்டிருந்தால் எந்த விவசாயி தன் வயலில் கம்பம் நட விடுவான்?

எலியின் குணத்தை வைத்தே எலியைப் பிடித்த இன்னொரு வேலையும் மலேசிய வயலில் பிறந்ததுதான். எலி திறந்தவெளியை வெறுக்கும்; ஓரத்தை உரசிக்கொண்டு ஓடும். மார்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் லாம் யுவெட் மிங் 1980களில் ஒரு சிறு பாத்தியில் முன்கூட்டியே நெல் நட்டு, சுற்றிப் பிளாஸ்டிக் தடுப்பு போட்டு, இடையிடையே ஓட்டையும் ஓட்டைக்குப் பின்னால் பொறியும் வைத்தார். வாசனைக்கு வரும் எலி தடுப்பை உரசிக்கொண்டே போய்த் தானாக உள்ளே விழும். மருந்தில்லை, கூகைக்கு ஆபத்துமில்லை.

நம் காவிரிக் கரையில் பெட்டி இல்லாமலே கூகைத் திட்டத்தின் பாதி இருந்தது. தஞ்சைப் பக்கத்து விவசாயி நடுவயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைப்பது ராத்திரி ஆந்தை வந்து உட்காரத்தான். கோபுரப் பொந்துகளில் குடியிருந்த கூகைகள் அங்கிருந்து எலி பிடிக்கும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் நீலநாராயணன், நாகராஜன், கனகசபை ஆகியோர் அந்தக் கூகைகள் உமிழ்ந்த உருண்டைகளை லென்டனைப் போலவே பிரித்து எண்ணினார்கள். ஜோர்டான் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான்: இஸ்ரேல் பக்கம் 1980களிலிருந்து யோசி லெஷெம் வைத்த பெட்டிகளில் வளர்ந்த கூகைகள் எல்லை தாண்டி அந்தப் பக்கம் எலி பிடிக்கப் போக, ஜோர்டான்காரர்களும் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். இங்கே எங்கள் எல்லை சின்னது. பெட்டி பாலம் தாண்டிப் பினாங்குக்குப் போனது.

அங்கே மிண்டெனில், அதே அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குச் செம்பனைக் காட்டுக் கூகைகளைக் கொண்டுபோய்ப் பழக்கினார்கள். புது இடத்தில் சும்மா திறந்துவிட்டால் கூகை நிற்காது. அடைத்துவைத்துத் தீனி கொடுத்து, இதுதான் வீடு என்று மனசில் பதிந்த பிறகே திறக்க வேண்டும். பிறகு வழக்கம்போல உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால், நகரத்தில் கிடைத்தது எலியின் மண்டையோடு மட்டும் இல்லை. மூஞ்சூறும் நிறைய. பிள்ளையார் மன்னிக்க வேண்டும். அந்தந்த இடத்தில் அதிகம் ஓடுவது எதுவோ அதைத்தான் கூகை பிடிக்கும். நம் பட்டியலைப் பார்த்து வேட்டையாடாது. சுங்கை பட்டாணியில் இதற்கு இன்னொரு சிக்கல். கடைவீதியின் மாடிகளை அடைத்து எச்சில்கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்க்கிறார்கள். சாயங்காலம் ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டு உள்ளே அழைப்பது அங்கே தொழில். அவர்களுக்கு ஆந்தை என்றால் திருடன். குருவி வாசலில் புகுந்துவிடுமே என்று இரவெல்லாம் கவலை. ஐந்து மைல் தள்ளித் தோட்டத்தில் வாசல் செய்து வைத்துக் காத்திருக்கிறார்கள். இங்கே அதே பறவைக்கு வாசலை அடைக்கிறார்கள்.

தோட்டத்து லயங்களை இடித்தபோது பெரியவர் குடும்பம் இந்த அடுக்குமாடிக்கு வந்தது. கூரை ஒழுகவில்லை என்கிறார், அதோடு நிறுத்திக்கொள்கிறார். போன மாதம் பெண்டாங் பக்கம் வயலில் எடுத்த ஒரு படத்தைக் கைபேசியில் காட்டினேன். புதுப் பிளாஸ்டிக் பெட்டி, வழவழவென்று, எண் அச்சிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பின்னால் தெரிந்த மலையைப் பார்த்தார், கம்பத்தின் நிழலைப் பார்த்தார்.

“எத்தனை மணிக்கு எடுத்த?”

“அஞ்சு, அஞ்சரை இருக்கும் ஐயா.”

“மேக்கப் பாத்துல்ல வெச்சிருக்கானுங்க.”

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். கீழே வெள்ளை விழுந்திருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த ஞாயிறு மகனுக்கு லீவு, ஸ்பானர் ஒன்று அவனிடம் இருக்கிறது, ஏணிக்கு மட்டும் வழி பண்ணு என்றார்.